அதிகப் புரதத் தீவனம் போட்டும் மீன் ஏன் வளரவில்லை?

கேள்வி: ஒரு மண் குளத்திலும் ஒரு சிமெண்ட் தொட்டியிலும் திலேப்பியா வளர்க்கிறேன். இரண்டிலும் விட்டது ஒரே பொரிப்பகத்தில் ஒரே நாளில் வாங்கிய குஞ்சுகள். ஆரம்பத்திலிருந்து தீவனத்தை நானே தயாரித்தேன். அரிசித் தவிடு ஐந்து பங்கு, கடலைப் புண்ணாக்கு நான்கு பங்கு, மீன்தூள் ஒரு பங்கு. இதில் வைட்டமின் பொடியும் சேர்த்து வேகவைத்து, பிழிந்து, காயவைத்துப் போடுவேன். தொட்டி மீன்கள் சிலவற்றுக்கு முதுகு வளைந்திருப்பதைப் பார்த்துப் பயந்துபோய், ஒரு மாதமாக 40 சதவீதப் புரதம் உள்ள ‘சிறப்புத் தீவனம்’ வாங்கிப் போடுகிறேன். தொட்டியில் 20,000 லிட்டர் தண்ணீர், 800 மீன்கள், சராசரி எடை 150 கிராம். தினம் ஆறு கிலோ தீவனம். ஆனால் வளர்ச்சி கூடவில்லை. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தீவனத்தையும் முன்போல எடுப்பதில்லை. குளத்து மீன்களுக்கு வளைவு இல்லை, ஆனால் 100 கிராமைத் தாண்ட மாட்டேன் என்கின்றன. கரையோரம் சின்னக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன, அது ஒன்றுதான் சந்தோஷம். இது நோயா? ஆண்டிபயாட்டிக் கலந்து போடச் சொல்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் தீவனம் என்று விற்கிறார்களே, அதை வாங்கலாமா? வளைந்த மீனைச் சாப்பிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது, கலவையின் பங்குகளை நீங்கள் எழுதியிருந்ததுதான். பெரும்பாலானவர்கள் “நல்ல தீவனம்தான் போடுகிறேன்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அந்தப் பங்குகளை வைத்து முதலில் ஒரு கணக்குப் போடுவோம். தவிட்டில் ஏறக்குறைய 12 சதவீதம், கடலைப் புண்ணாக்கில் 42, சுமாரான மீன்தூளில் 55 சதவீதம் புரதம் இருக்கும். உங்கள் கலவை மொத்தத்தில் 28 சதவீதத்துக்கு வரும். திலேப்பியாக் குஞ்சு மிகச் சிறிதாக இருக்கும்போது 40 சதவீதத்துக்கு மேல் புரதம் கேட்கும். விரலளவு ஆனதும் 32 முதல் 35 போதும். 150 கிராம் மீனுக்கு 28 முதல் 30 சதவீதம் தாராளம். ஆக, உங்கள் மீன்களுக்குப் புரதப் பஞ்சம் இருக்கவில்லை. ஏற்கெனவே போதுமான அளவு இருந்த ஒன்றைத்தான் காசு கொடுத்து இன்னும் கூட்டியிருக்கிறீர்கள். இல்லாமல் இருந்தது வேறு.

அது என்ன என்பதற்கான தடயத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரே குஞ்சு, ஒரே தீவனம். தொட்டியில் வளைகிறது, குளத்தில் வளையவில்லை. பரம்பரைக் கோளாறாக இருந்தால் இரண்டு இடத்திலும் தெரிந்திருக்க வேண்டும். குளத்தில் நிறைய இருப்பதும் தொட்டியில் மிகக் குறைவாக இருப்பதும் பாசியும் நுண்ணுயிர் மிதவைகளும்தான். அவற்றில் வைட்டமின் சி நிறைய உண்டு. பெரும்பாலான எலும்பு மீன்களைப் போலத் திலேப்பியாவுக்கும் இந்த வைட்டமினை உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளத் தெரியாது. வாய்வழியாக வந்தால்தான் உண்டு. குளத்து மீன் உங்கள் தீவனத்தில் இல்லாததைத் தண்ணீரிலிருந்து மேய்ந்து எடுத்துக்கொண்டது. தொட்டி மீனுக்கு நீங்கள் போடுவதைத் தவிர வேறு கதி இல்லை.

“வைட்டமின் பொடிதான் சேர்த்தேனே” என்று கேட்பீர்கள். சேர்த்துவிட்டு வேகவைத்தீர்கள், அதில்தான் வந்தது வினை. வைட்டமின் சியின் சாதாரண வடிவமான அஸ்கார்பிக் அமிலம் சூட்டிலும் ஈரத்திலும் காற்றிலும் வேகமாக அழியும். வேகவைத்து, பிழிந்து, வெயிலில் காயவைத்தபின் மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பமும் மூட்டையில் கிடக்கும் நாட்களில் போய்விடும். எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் தோலுக்கும் உறுதி தருவது கொல்லாஜன் என்ற நார்ப்புரதம். அந்த நார்களை முறுக்கிக் கட்ட வைட்டமின் சி வேண்டும். சாந்து இல்லாத இடத்தில் செங்கலை மட்டும் லாரி லாரியாக இறக்குவது போலத்தான், அது இல்லாமல் புரதத்தைக் கூட்டுவதும். மீன் வேகமாக வளரும் பருவத்தில் இந்தக் குறை வந்தால் முதுகெலும்பு பக்கவாட்டிலோ மேல் கீழாகவோ வளைகிறது. கூண்டுகளிலும் தொட்டிகளிலும் வளர்த்த கெளுத்திகளில் இதே கோளாறு முன்பு பரவலாகக் காணப்பட்டது.

ஒன்று செய்து பாருங்கள். வளைந்த மீன் ஒன்றை எடுத்து, செவுள் மூடியைத் தூக்கிச் செவுள் இழைகளைப் பாருங்கள். இழைகள் சீப்பின் பற்கள்போல நேராக இல்லாமல் முறுக்கிக்கொண்டோ மடங்கியோ இருந்தால், துடுப்புகளின் அடியில் இரத்தக் கசிவு இருந்தால், சின்னக் கீறல்கூட ஆறாமல் கிடந்தால், என் சந்தேகம் வலுப்படும்.

இன்னொரு குறையையும் இதோடு சேர்த்துச் சந்தேகிக்கிறேன். அது பாஸ்பரஸ். கால்சியத்தை மீன் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் தண்ணீரில் மிகக் குறைவு என்பதால் தீவனத்தில்தான் வரவேண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய இருப்பதாக ஆய்வக அறிக்கை காட்டும். ஆனால் அதில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் நொதி மீனின் குடலில் போதிய அளவு இல்லை. அதனால் தின்றது அப்படியே கழிவில் போய்ப் பாசியைத்தான் வளர்க்கும். மீன்தூளில் உள்ள எலும்பு பாஸ்பரஸைத் திலேப்பியா ஓரளவு எடுத்துக்கொள்ளும், அதற்கு அமிலம் சுரக்கும் இரைப்பை உண்டு. (கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களுக்கு இரைப்பையே கிடையாது. அவற்றுக்கு எலும்புத்தூளைக் கொட்டினாலும் பெரிய பலன் இல்லை.) ஆனால் உங்கள் கலவையில் மீன்தூள் பத்தில் ஒரு பங்குதான். இப்போது வாங்கிப் போடும் தீவனத்தில் இந்த இரண்டு குறையும் தீர்ந்திருக்கலாம். இருந்தாலும், ஏற்கெனவே வளைந்த முதுகு இனி நிமிராது. புதிதாக வளைவு தோன்றாமல் இருந்தால் அதுதான் முன்னேற்றம்.

சிறப்புத் தீவனம் என்று எதைச் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, “எந்தக் குறைக்கு?” என்பதுதான். மீன் வளர்ப்பின் வரலாற்றில் உருப்படியான தீவன மாற்றங்கள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்ததால் வந்தவை. 1990களில் வளர்ப்பு அட்லாண்டிக் சால்மன் மீன்களுக்குக் கூட்டமாகக் கண்புரை வந்தது. மாடுகளைத் தாக்கிய பி.எஸ்.இ. நோய்க்குப் பயந்து தீவனத்திலிருந்து இரத்தத்தூளை நீக்கியிருந்தார்கள். மொத்தப் புரதம் குறையவில்லை. இரத்தத்தூளில் மிகுதியாக இருந்த ஹிஸ்டிடின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம்தான் (புரதத்தைக் கட்டும் துண்டுகளில் ஒன்று) குறைந்திருந்தது. அதைத் திரும்பச் சேர்த்ததும் கண்புரை கட்டுக்குள் வந்தது. ஜப்பானில் பட்டுப்புழுவின் கூட்டுப்புழுக்களைத் தின்று வளர்ந்த கெண்டைகளுக்கு முதுகுச் சதை கரைந்துபோனதே, செகோகே நோய், அதற்கும் கிருமி காரணமில்லை. கூட்டுப்புழுவின் எண்ணெய் காறிப்போயிருந்தது. வைட்டமின் ஈ சேர்த்ததும் நோய் தடுக்கப்பட்டது. தாவரத் தீவனத்துக்கு மாற்றப்பட்ட சிவப்புக் கடல் பிரீம் (red sea bream) மீன்களின் கல்லீரல் பச்சையாக மாறியது டாரின் என்ற சத்துப் போதாமையால். இந்த மூன்றிலும் புரதத்தை எவ்வளவு கூட்டியிருந்தாலும் அந்தக் குறை அப்படியேதான் இருந்திருக்கும்.

சரி, புதுத் தீவனம் குறையைத் தீர்த்திருக்கலாம் என்றால் மீன் ஏன் வளரவில்லை? ஏன் வாயைத் திறக்கிறது? இப்போது தண்ணீருக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் வளைவு இல்லை, இதுதான்.

800 மீன், 150 கிராம் என்றால் தொட்டியில் 120 கிலோ மீன் இருக்கிறது. இந்த அளவு மீனுக்கு உடல் எடையில் இரண்டரை முதல் மூன்று சதவீதம், அதாவது நாளுக்கு மூன்று முதல் மூன்றரைக் கிலோ தீவனம் போதும். நீங்கள் போடுவது ஆறு. மீன் தன் தேவைக்கு மேற்பட்ட புரதத்தைச் சேமித்து வைக்காது. அதை எரித்து, நைட்ரஜனை அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விட்டுவிடும். தீவன எடையைப் புரத அளவாலும் 0.092 என்ற எண்ணாலும் பெருக்கினால் வெளியாகும் அம்மோனியா நைட்ரஜன் தோராயமாகக் கிடைக்கும். மீன் பண்ணைக் கணக்குகளில் வழக்கமாகப் பயன்படும் சூத்திரம் இது. உங்கள் ஆறு கிலோவுக்கு ஒரு நாளில் 220 கிராம் வருகிறது. அதை 20,000 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 11 மில்லிகிராம், அதுவும் ஒரே நாளில். 30 சதவீதத் தீவனம் மூன்றரைக் கிலோ போட்டால் 97 கிராம், லிட்டருக்கு ஐந்துக்கும் கீழே. அதுவும் சின்ன அளவில்லை. ஆனால் ஒழுங்காகத் தண்ணீர் மாற்றியும் காற்றூட்டியும் வடிகட்டியும் சமாளித்துவிடலாம். பதினொன்றைச் சமாளிப்பது கஷ்டம்.

இதோடு இன்னொன்று. சாப்பிட்ட பிறகு சில மணி நேரம் மீனுக்கு வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜன் வேண்டும், புரதம் கூடினால் அந்தத் தேவையும் கூடும். இரவில் பாசியும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும். தின்னாமல் விட்ட தீவனம் அடியில் அழுகி அதுவும் இழுக்கும். விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் மீன் மேலே வந்து தவிப்பதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். தீவனம் எடுக்காமல் இருப்பது அதன் தற்காப்பு. நாமாக இருந்தாலும் மூச்சு முட்டும்போது சாப்பாட்டைத் தொட மாட்டோம்.

ஆகவே இன்றைக்கே தொட்டிக்குத் தீவனத்தை நிறுத்துங்கள். இரண்டு நாள் பட்டினி இந்த அளவு மீனை ஒன்றும் செய்யாது. அடியில் படிந்த கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். காற்றூட்டியை இரவு முழுக்க ஓடவிடுங்கள். புதுத் தண்ணீரின் பி.எச். அளவைப் பார்க்காமல் திறந்துவிட வேண்டாம். பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். நல்லது செய்யப்போய் அதுவே மீனைக் கொன்றுவிடும். அம்மோனியா, பி.எச்., நைட்ரைட் மூன்றையும் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று கையில் இருக்கட்டும். எந்தச் சிறப்புத் தீவனத்தையும்விட முதலில் வாங்க வேண்டியது அதைத்தான். மூன்றாம் நாள் ஒன்றரைக் கிலோவில் தொடங்கி, மீன் எடுப்பதைப் பார்த்து ஒரு வாரத்தில் மூன்று கிலோவுக்கு வாருங்கள். முற்பகலிலும் பிற்பகலிலும் போடுங்கள். விடிந்ததும் விடியாததுமாகவும் இருட்டும் நேரத்திலும் வேண்டாம். கால் மணி நேரத்தில் தின்று முடிக்காத தீவனம் அன்றைக்கு அதிகம் என்று அர்த்தம்.

அடுத்து எந்தத் தீவனம்? தொட்டிக்கும் குளத்துக்கும் ஒரே தீவனம் போட வேண்டும் என்பதில்லை. தொட்டிக்கு, வளர்பருவத்துக்கான 28 முதல் 30 சதவீதப் புரதமுள்ள, வைட்டமினும் தாதுவும் முழுமையாகச் சேர்த்த மிதவைத் தீவனத்தை வாங்கிவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். மூட்டையில் வைட்டமின் சி எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். அஸ்கார்பில் பாஸ்பேட் என்றிருந்தால் சூட்டையும் சேமிப்பையும் தாங்கும். தயாரித்த தேதியையும் பார்த்து, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுகிற அளவே வாங்குங்கள். தொட்டியில் உங்கள் கைத்தீவனத்தை முழுமைப்படுத்தலாம், ஆனால் அதற்கு ஆகும் மெனக்கெடல் மிச்சமாகும் காசைத் தின்றுவிடும்.

குளத்துக்கு உங்கள் கலவையே போதும், சில திருத்தங்களோடு. 100 கிலோவுக்குத் தவிடு 45, சோயாப் புண்ணாக்கு 22, கடலைப் புண்ணாக்கு 18, மீன்தூள் 12, மோனோ கால்சியம் பாஸ்பேட் 1, வைட்டமின்-தாதுக் கலவை 1, எண்ணெய் 1. புரதம் 30-ஐ ஒட்டி வரும். கடலைப் புண்ணாக்கில் லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் குறைவு. சோயா லைசினைத் தரும், கூட்டிய மீன்தூள் மெத்தியோனினைத் தரும். சோயா, சூடுபடுத்தி எண்ணெய் நீக்கியதாக இருக்க வேண்டும். பச்சைச் சோயாவில் செரிமான நொதியைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. வேகவைப்பதையெல்லாம் முடித்து, குருணையாக்கி, காயவைத்து, நிழலில் நன்றாக ஆறவிட்டு, கடைசியில் வைட்டமின் கலவையை எண்ணெயில் குழைத்து மேலே பூசுங்கள். எண்ணெய்ப் பூச்சு தண்ணீரில் வைட்டமின் கரைவதையும் தாமதப்படுத்தும். பத்து நாளுக்கு ஆகும் அளவுக்கு மேல் பூசி வைக்காதீர்கள்.

கடலைப் புண்ணாக்கை வாங்கும்போது உடைத்து முகர்ந்து பாருங்கள். பச்சையோ சாம்பலோ பூத்திருந்தால், முடைநாற்றம் அடித்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அந்தப் பூஞ்சை சுரக்கும் அஃப்லாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும். வேகவைத்தால் பூஞ்சை சாகும், நஞ்சு போகாது. 1960 வாக்கில் அமெரிக்கப் பொரிப்பகங்களில் வானவில் டிரவுட் மீன்களுக்குக் கூட்டம் கூட்டமாகக் கல்லீரல் புற்றுநோய் வந்ததற்குக் காரணம் பூஞ்சை பிடித்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்குதான். திலேப்பியா டிரவுட்டைவிட இதைத் தாங்கும். ஆனால் வளர்ச்சி மந்தமாகும், நோய்கள் எளிதில் தொற்றும். எண்ணெய் எடுக்காத தவிடும் அரைத்த சில நாட்களிலேயே காறத் தொடங்கும், புதிதாகப் பார்த்து வாங்குங்கள். எப்போதாவது மீனை அறுக்கும்போது கல்லீரலைப் பாருங்கள். செம்பழுப்பாக, உறுதியாக இருக்க வேண்டும். மஞ்சளாக வெளுத்து, விரல் பட்டால் குழைந்தால் தீவனத்தில் கோளாறு. காறிய கொழுப்போ, அளவுக்கு மீறிய கொழுப்போ, மாவுச்சத்து மிகுதியோ காரணமாக இருக்கலாம்.

குளத்து மீன் ஏன் 100 கிராமிலேயே நிற்கிறது? நீங்கள் சந்தோஷப்பட்ட அந்தக் குஞ்சுக் கூட்டம்தான் காரணம். நீங்கள் விட்டது ஆணும் பெண்ணும் கலந்த குஞ்சுகள். திலேப்பியா மூன்று நான்கு மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். முட்டையையும் குஞ்சையும் வாயில் சுமக்கும் நாட்களில் தாய் மீன் ஏறக்குறைய சாப்பிடுவதே இல்லை. உடம்பில் சேர்ந்ததெல்லாம் அடுத்த முட்டைக்குப் போய்விடும். பொரித்த குஞ்சுகள் உங்கள் தீவனத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். இதற்கு மருந்தாக ஒரு தீவனமும் கிடையாது. வீச்சு வலை போட்டுப் பிடித்து, மீனை மல்லாத்தி, மலவாய்க்குப் பின்னால் உள்ள சின்ன முளையைப் பாருங்கள். மலவாயோடு சேர்த்து இரண்டு துளை தெரிந்தால் ஆண், மூன்று தெரிந்தால் பெண். ஒரு துளி மை தடவினால் துளைகள் தெளிவாகத் தெரியும். ஆண்களை மட்டும் குளத்தில் விட்டுப் பெண்களையும் குஞ்சுகளையும் எடுத்துவிடுங்கள். ஒரு நாள் வேலைதான், ஆனால் இடுப்பு ஒடியும். அடுத்த முறை ஆண் குஞ்சுகள் மட்டும் கேட்டு வாங்குங்கள்.

எதிர்ப்புச் சக்தித் தீவனம் பற்றி. பீட்டா குளுக்கன், ஈஸ்ட் சுவரிலிருந்து எடுக்கும் மன்னான் சர்க்கரைகள், பேசில்லஸ் வகை நல்ல பாக்டீரியாக்கள், நியூக்ளியோடைடு இவையெல்லாம் வெறும் கதையில்லை. மீனின் முதல்நிலைத் தற்காப்பைத் தூண்டுவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் பலன் இனத்துக்கு இனம், அளவுக்கு அளவு, தண்ணீருக்குத் தண்ணீர் மாறுகிறது. நான் இவற்றைப் பரிந்துரைப்பது குறிப்பிட்ட சமயங்களுக்கு: மீனை இடம் மாற்றுவதற்கு முன்னும் பின்னும், பருவம் மாறும்போது, சில வாரங்கள் மட்டும். குளுக்கனை வருடம் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இப்போது உங்கள் தொட்டி இருக்கிற நிலையில் இவற்றில் எதை வாங்கினாலும் அந்தக் காசு தண்ணீரில்தான் கரையும்.

ஆண்டிபயாட்டிக் வேண்டவே வேண்டாம். நீங்கள் விவரித்ததில் பாக்டீரியா நோய்க்கான அறிகுறி ஒன்றுகூட இல்லை. வைட்டமின் குறைக்கும் அம்மோனியாவுக்கும் அது எதுவும் செய்யாது. தொட்டியில் அம்மோனியாவைத் தின்று உதவும் நல்ல பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும். உடம்பில் புண், வீங்கிய வயிறு, பிதுங்கிய கண், ஒரே நாளில் பல சாவு என்று ஏதாவது தெரிந்தால், மீனை ஆய்வகத்தில் காட்டி, கிருமி எது என்று தெரிந்த பிறகு மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுக்கலாம்.

வளைந்த மீன்களைத் தாராளமாகச் சாப்பிடலாம். ஊட்டக் குறையால் வந்த வளைவு மற்ற மீனுக்கும் தொற்றாது, மனிதருக்கும் தொற்றாது. அவற்றுக்கு நீந்துவது சிரமம், தீவனத்துக்குப் போட்டி போட முடியாது, தின்றாலும் எடை ஏறாது. ஆகவே முதலில் பிடித்துச் சமையலுக்கு எடுக்க வேண்டியவை அவைதான். தொட்டியில் நெரிசலும் கொஞ்சம் குறையும். ஒருவேளை யாரோ சொன்னதைக் கேட்டு ஆண்டிபயாட்டிக்கை ஏற்கெனவே கலந்து போட்டிருந்தால் மட்டும் பிடிக்காதீர்கள், விற்கவும் வேண்டாம். மருந்துப் பெட்டியில் அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்கள் போட்டிருக்கும். அந்த நாட்கள் கழிந்தபிறகு எடுக்கலாம். மீனுக்கென்று அப்படி எதுவும் அச்சிடாத மருந்து என்றால், பெட்டியோடு ஒரு கால்நடை மருத்துவரைப் பார்த்துக் கேட்டுவிட்டு வலையை எடுங்கள்.